மாயாவியை வரைந்தவர் பெயர்

லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கும் எல்லாரும் நலம்தானே? வேலை நன்றாகப் போகிறது. சிறுவர் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன்; வாடகையும் சாப்பாடும் போகக் கொஞ்சம் மிஞ்சுகிறது. குளிர் பழகிவிட்டது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. பருப்புப்பொடி தீரப்போகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்கு. போனில் ஆரம்பித்தால் பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் சிறுவயதில் காசு சேர்த்து வாங்கிய சித்திரக்கதைகளின் நாயகன் இரும்புக்கை மாயாவி பிறந்த ஊரில்தான் இப்போது இருக்கிறேன். அவரை வெளியிட்ட ஃபிளீட்வே நிறுவனம் இருந்த ஃபாரிங்டன் தெரு வழியாகத்தான் என் பஸ் போகிறது. இங்கே 'வேலியண்ட்' என்ற சிறுவர் சித்திரக்கதை வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோதே அவர் அதில் இருந்தார். சிவகாசிக்கு வந்து முத்து காமிக்ஸில் தமிழ் பேசியது 1972இல்.

பழைய புத்தகக் கடையொன்றில் வேலியண்ட் இதழ் ஒன்று கிடைத்தது. பக்கம் நம் புத்தகத்தைவிட எவ்வளவோ பெரிது. மாயாவி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் படக்கட்டங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உடல் கிடையாது, முகம் கிடையாது. ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு முழு ஆளையும் காட்டியாக வேண்டும். கை எந்த உயரத்தில் நிற்கிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதிலேயே அவர் பதுங்குகிறாரா, பாய்கிறாரா என்று தெரிந்துவிடுகிறது. உலோகத்தின் பளபளப்புக்குத் தனியாக எதையும் வரையவில்லை. சுற்றிலும் கறுப்பு மை, நடுவில் மெல்லிய கீற்றாக வெறும் தாள். அச்சகத்தில் வேலை பார்த்தவர் நீங்கள்; மட்டத் தாளில் மை ஊறி நுணுக்கமான கோடெல்லாம் தடித்துவிடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாளையும் தாண்டி இந்தக் கை மின்னுகிறது. இன்னொன்றும் புரிந்தது. மாயாவி ஏன் சில பக்கங்களுக்கு ஒருமுறை ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார் என்று சிறுவயதில் உங்களிடம் கேட்பேன் அல்லவா? வாரம் சில பக்கம்தான் வரும். அடுத்த வாரமும் பையன்கள் காசோடு கடைக்கு வர வேண்டும்.

மேல்மாடியில் இருக்கும் பெரியவர் அப்படிக் கடைக்கு ஓடிய பையன்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டீ குடிக்கக் கூப்பிடுவார். பழைய இசைத்தட்டுகளைத் துணியால் துடைத்து ஒவ்வொன்றாகப் போடுவார். அவர் தயவில் எனக்கும் அறுபதுகளின் பாட்டுகள்மீது பைத்தியம் பிடித்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் 'எலினார் ரிக்பி'யைக் கேளுங்கள். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. வயலின், வியோலா, செல்லோ என்று எட்டுத் தந்திக் கருவிகள் மட்டும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கல்யாணம் முடிந்த தேவாலயத்தில், அட்சதை போலத் தூவிய அரிசியை ஒருத்தி பொறுக்குகிறாள். பாதிரியார் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து காலுறை தைக்கிறார். கடைசியில் அவள் இறந்துபோகிறாள், அடக்கத்துக்கு யாருமே வரவில்லை. மூன்று கட்டத்தில் ஒரு கதை முடிந்துவிட்டது, அப்பா. சித்திரக்கதை வரைகிறவர்கள் எல்லாரும் இந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்பேன்.

அந்தப் பாட்டு இருக்கும் 'ரிவால்வர்' தட்டு 1966 ஆகஸ்டில் வந்தது. அதன் உறையை வரைந்தவர் கிளவுஸ் ஃபோர்மான் என்ற ஜெர்மானியர். பீட்டில்ஸ் ஹாம்பர்க்கில் வாசித்துக்கொண்டிருந்த நாளிலிருந்தே அவர்களுக்கு நண்பர். பேஸ் கிதாரும் வாசிப்பார். கடைகளில் வண்ணம் வண்ணமாக உறைகள் தொங்கிய காலத்தில் அவர் வெறும் கறுப்பு வெள்ளையில் நான்கு முகங்களைக் கோட்டால் வரைந்து, முடிக்கற்றைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் புகைப்படங்களை வெட்டி ஒட்டினார். அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது. பெரியவர் உருப்பெருக்கியைக் கொடுத்து வலப்பக்கம் பார்க்கச் சொன்னார். ஜார்ஜ் ஹாரிசனின் முடிக்குள் ஃபோர்மானின் முகமும் பெயரும் இருந்தன.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாயாவியை வரைந்தவர் யார் என்று பெரியவரைக் கேட்டிருந்தேன். வாரம் தவறாமல் படித்தவர், இன்றுவரை தெரியாது என்றார். எப்படித் தெரியும்? அந்த இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். உலகம் முழுவதும் பிள்ளைகள் அவர் கோட்டைப் பார்த்து வளர்ந்தார்கள், பெயர் தெரியாமலே. இதே ஊரில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அமெரிக்க ஓவியர் ராய் லிச்சன்ஸ்டைனின் விமானச் சண்டை ஓவியம் இருக்கிறது. 1963இல் தீட்டியது, நான்கு மீட்டர் அகலம். அதற்கு முக்கிய மூலம் 1962இல் வந்த ஓர் அமெரிக்கப் போர்க் காமிக்ஸின் கட்டம், வரைந்தவர் இர்வ் நோவிக். பெரிய ஓவியம் அழகுதான், நின்று பார்த்தேன். ஆனால் அந்தச் சண்டைக் காட்சியை முதலில் அப்படி அமைத்தது நோவிக்கின் கை. அதை யாரிடமும் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இப்போது என் பாடப்புத்தக ஒப்பந்தத்தில் ஓவியர் பெயர் அச்சிடப்படும் என்ற வரியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சம்மதித்துவிட்டார்கள்.

உங்கள் மாயாவி புத்தகங்களை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எங்காவது ஓவியர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் முதல் பக்க ஓரத்தில், அழியாத மையில், 'ஓவியம்: ஹெசூஸ் பிளாஸ்கோ' என்று உங்கள் கையால் எழுதி வையுங்கள்.

அன்பு மகள்