வில்லுல வைரம் எந்தப் பக்கம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம உங்க பேப்பர்ல சின்னப்பிள்ளைங்க பக்கத்துல மரத்துல வில்லு செய்யிறத பத்தி ஒரு கட்டுரை வந்திச்சு, இங்கிலாந்துக்காரங்க அந்தக் காலத்துல யூங்கிற மரத்துல வில்லு செஞ்ச கத. பேரன் வாசிச்சு காட்டினான், நல்லாத்தான் இருந்திச்சு, பெறகு நானும் கண்ணாடிய போட்டுக்கிட்டு பாத்தா படத்துல பெரிய பிழை. வைரத்த, அதாவது மரத்து நடுவுல இருக்கிற கெட்டிப் பாகத்த, வெளிப்பக்கமாவும், வெள்ளைய, அதாவது பட்டைக்கு அடுத்து இருக்கிற வெளிர் பாகத்த, அம்பு விடுறவன் பக்கமாவும் போட்டிருக்கீங்க. தலகீழ் ஐயா அது. வெள்ளை வெளிய, வைரம் நம்ம பக்கம். இத எந்த புத்தகத்துலயும் படிச்சிட்டு சொல்லல, தலகீழா புடிச்சு யூ வில்லு ஒண்ண ஒடச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன்.

எங்கப்பாவுக்கு தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல தச்சு வேல. பங்களா சன்னல்ல இருந்து லயத்து கூரை வரைக்கும் எல்லாத்துக்கும் அவருதான், பாஸ்னுதான் கூப்பிடுவாங்க. 1975ல கம்பெனித் தோட்டங்கள இலங்கை அரசாங்கம் எடுத்தப்ப எங்க வெள்ளக்கார தொரை மூட்ட முடிச்ச கட்டினாரு, பங்களா சாமான் கொஞ்சத்த வேலக்காரங்களுக்கு குடுத்துட்டு போனாரு. சமையல்காரருக்கு மேச கெடச்சிச்சு, அப்பாவுக்கு கெடச்சது சொவத்துல மாட்டியிருந்த வில்லு. தொரை அத தடவிக்கிட்டே "திஸ் இஸ் யூ"ன்னாராம், அப்பா நெஞ்சுல கைய வச்சு "மீ சார்?"ன்னு கேட்டாராம், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் முழிச்சிக்கிட்டு நின்னிருக்காங்க. மரத்துக்கு பேரே யூன்னு வெளங்க அப்பாவுக்கு அன்னைக்கு சாயங்காலம் ஆயிருச்சு.

அந்த வில்ல நான் எத்தன தரம் கையில எடுத்து பாத்திருப்பேன்னு கணக்கில்ல. ஆறடிக்கு ஒரு விரக்கட கொறவா இருக்கும். வைரம் பிளேன்டி கலரு, வெளிப்பக்கம் கால் அங்குல கனத்துக்கு வெள்ளை, அது பால்டீ கலரு, ரெண்டுக்கும் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்கும், ஆனா ஒட்டினது இல்ல, ஒரே மரம். வெள்ளப் பக்கம் தட்டையா, வைரப் பக்கம் உருண்டையா இருந்திச்சு. முனையில மாட்டுக்கொம்புல தொப்பி, அதுல நாண் மாட்டுற குதை. சின்ன சின்ன கணு இருந்த எடத்த மட்டும் செதுக்காம மேடா விட்டிருந்தாங்க, அப்பா அத வெரலால தடவி "பாத்தியா, கணுவுக்கு மரியாத குடுத்திருக்கான்"னு சொல்லுவாரு.

தோட்டத்துல அந்த வருசம் அருச்சுனன் தபசு கூத்து. சிவன் வேடனா வந்து பன்னிக்கு சண்ட புடிக்கிற கட்டம் இருக்கில்ல, வேடன் வேசம் கட்டின பெடியனுக்கு மூங்கில் வில்லு பத்தாதாம், தொரை வில்லு வேணுமாம். அப்பா அன்னைக்கு ஹட்டன் போயிருந்தாரு, நான்தான் எறவாணத்துல இருந்து எறக்கி குடுத்தேன். உருண்ட பக்கம்தானே வெளிய வரணும்னு எல்லாருக்கும் தோணும், எங்களுக்கும் தோணிச்சு, மூணு பேரு சேந்து அமுக்கி நாண மாட்டினோம். மொத இழுப்பு ஒண்ணும் ஆகல. ரெண்டாவதுல மொற மொறன்னு ஒரு சத்தம். மூணாவதுல அடுப்புல மூங்கி வெடிக்கிற மாதிரி ஒரு வெடி, மேல் துண்டு பறந்து போயி தப்பு அடிக்கிறவரு தோள்ல விழுந்திச்சு. சனம் அதுவும் கூத்துதான்னு நெனச்சு கை தட்டிச்சு.

அப்பா வந்ததும் மொத வேலயா முதுகுல ஒண்ணு வச்சாரு. பெறகு ஒடஞ்ச துண்ட லாம்புகிட்ட புடிச்சு காட்டினாரு, வைரப் பக்கத்துல நார் நாரா பிஞ்சு எழும்பி இருந்திச்சு, வெள்ளப் பக்கத்துல ஒண்ணும் இல்ல. பச்ச கொய்யாக் குச்சி ஒண்ண ஒடிச்சு வளைச்சாரு. வளைக்கும்போது வெளித் தோல் இழுபடுது, உள் தோல் நசுங்குது. யூ மரத்துல வெள்ளை நல்லா இழுபடும், வைரம் நசுக்குறத தாங்கும், ரெண்டையும் அததுக்குரிய எடத்துல வச்சா ஸ்பிரிங் மாதிரி வேல செய்யும், மாத்தி வச்சா அவ்வளவுதான். இதுல வேடிக்க என்னன்னா எங்க தொழில்ல வெள்ளைய மொதல்ல செதுக்கி தள்ளிருவோம், கரையான் திங்கும், பூச்சி வைக்கும், அதால கதவுக்கும் கட்டிலுக்கும் வைரம் மட்டும்தான். படம் கீறினவருக்கும் அந்த நெனப்புதான் வந்திருக்கும், வைரம்னா ஒசத்தி, ஒசத்தியானது வெளிய தெரியட்டும்னு. முழு வைரத்துலயே வில்லு செய்ய ஏலாதுன்னு நான் சொல்லல, செய்யலாம், ஆனா முதுகுப் பக்கம், அதாவது வெளிப்பக்கம், ஒரே வருச வரி (மரம் வருசத்துக்கு ஒண்ணா போடுற வளையம்) முனைக்கு முனை வெட்டுப்படாம ஓடணும். அது லேசுப்பட்ட காரியம் இல்ல.

தொல்காப்பியத்துல வெளிய வைரம் இருந்தா புல்லு, உள்ள வைரம் இருந்தா மரம்னு பிரிச்சிருக்காங்கன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லுவாரு. அந்தக் கணக்குல மூங்கி புல்லு, யூ மரம். மூங்கில்ல வில்லு செஞ்சா பலமான தோல் பக்கம் வெளிய இருக்கணும், யூவுல பலமான வைரம் உள்ள இருக்கணும். மூங்கி வில்லு பழகின கைக்கு யூ வில்ல குடுத்தா தலகீழாத்தான் புடிக்கும், எங்க பெடியன்கள மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய.

இன்னொண்ணு, கட்டுரையில ஒரே நாள்ல வில்லு செஞ்சிரலாம்ங்கிற மாதிரி எழுதியிருக்கு. யூ மரத்த பொளந்து, ரெண்டு நுனியிலயும் மெழுகு பூசி, வருசக் கணக்குல நெழல்ல காய வைக்கணும். அதுக்குப் பெறகு ஒரு செதுக்கு, ஒரு இழுப்பு, தள்ளி நின்னு ஒரு பார்வ. எந்தப் பக்கம் கட்டையா நிக்குதோ அந்தப் பக்கத்துல மட்டும் இன்னும் ஒரு சீவல், அதுவும் வயித்துப் பக்கம், அதாவது நம்ம பக்கம்தான், முதுகுல உளி வைக்கவே கூடாது. கூட சீவிட்டா திரும்ப ஒட்ட ஏலாது.

இங்கிலாந்துக்காரங்க இத எவ்வளவு பெருசா எடுத்தாங்கன்னு பாருங்க, சொந்த ஊரு மரம் பத்தாம 1472ல ஒரு சட்டமே போட்டாங்க, கப்பல்ல வர்ற சரக்குல ஒவ்வொரு டன்னுக்கும் நாலு வில்லுக்கட்ட கொண்டு வரணும்னு. 1545ல முழுகின மேரி ரோஸ்ங்கிற இங்கிலாந்து போர்க்கப்பல 1982ல தூக்கினாங்க, அதுல இருந்து முழுசா 137 வில்லு கெடச்சிச்சு, கடலுக்கு அடியில 400 வருசத்துக்கு மேல கெடந்தும் வில்லு வில்லாவே இருந்திச்சு. எங்க கையில இருந்தது ஒரு ராத்திரி தாங்கல.

கடைசியா, யூ கெடைக்காட்டி சைப்ரஸ்ல செய்யுங்கன்னு எழுதினது எனக்கு புடிக்கல. நம்ம நாட்டுல யூ தானா வளர்ற மரம் இல்ல, சரி, அதுக்காக கெடச்ச மரமெல்லாம் யூ ஆயிருமா? நுவரெலியா பக்கத்து சைப்ரஸ் பலகைல நான் எத்தனயோ அலுமாரி செஞ்சிருக்கேன், அதுல எங்க பாத்தாலும் கணு, வில்லுக்கு வளைச்சா பட்டுன்னு போகும், பிள்ளைங்க கண்ணுல பட்டா யாரு பொறுப்பு? மூங்கில்ல செய்யச் சொல்லுங்க, அம்பு வைக்காம வெறும் நாண இழுத்து விடாதீங்கன்னும் சேத்து சொல்லுங்க, அந்த அதிர்ச்சி முழுக்க வில்லுக்குத்தான் போகும். அப்புறம் லண்டன்ல இருக்கிற நம்ம ஆளுங்களும் உங்க பேப்பர போன்ல பாக்குறாங்க, அங்க சர்ச் தோட்டத்துலயே யூ நிக்குமாம். எலையும் கொட்டையும் நஞ்சு, செவப்பு பழத்த பாத்து சின்னதுங்க வாயில போட்டுரும், அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஒடஞ்ச ரெண்டு துண்டும் சாக்குல சுத்தி இன்னமும் என்கிட்ட இருக்கு. கட்டுரை எழுதினவரு வந்தா காட்டுறேன், பிளேன்டியும் குடுக்குறேன். அதுக்கு முந்தி வார ஞாயித்துக்கிழம அந்தப் படத்த மட்டும் திருப்பி போடுங்க ஐயா, பேரன் ஏற்கனவே மூங்கி வெட்டிட்டான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தச்சுத் தொழிலாளி ஒருவர்,
தலவாக்கலை.