கேப்டன் முல்லா எதற்காகத் திரும்பிப் போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் கடற்படையினர் ஒருவர்கூட இல்லை என்பதால், வீரர்களைப் பட்டியல் போடும் கட்டுரைகளில் குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லா பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்.

ஆனால், கப்பலோடு சேர்ந்து மூழ்கும் கேப்டன்களின் மரபை அவர் காத்தார் என்று அந்தப் பத்தியை முடித்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் நடுக்கடலில், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் முல்லா என்ன செய்தார் என்பது, இறந்த பிறகு அவருக்கு வழங்கப்பட்ட மகாவீர் சக்ரா விருதின் சான்றுரையிலேயே இருக்கிறது. கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். பதற்றமே இல்லாமல் ஆட்களை வெளியேற்றினார். தன்னுடைய உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் மறுபடி பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை இயக்கும் மேல்தளத்துக்கு, போனார். எதற்கு? இன்னும் யாரையாவது காப்பாற்ற வழியுண்டா என்று பார்க்க. மரபுக்காகச் சாகப் போனவர் அல்ல அவர். வேலை பாக்கி இருக்கிறது என்று போனவர். சாவைத் தேடிப் போனதாக எழுதினால், அவர் காப்பாற்றப் பார்த்த ஆட்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள். அவரையும் சேர்த்து 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்று இறந்தார்கள். பிழைத்தவர்கள் 67 பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர்மூழ்கியை வேட்டையாடத்தான் குக்ரி அனுப்பப்பட்டது. ஆனால் பிரான்சில் தயாரான ஹங்கோரின் சோனார் (ஒலியைக் கொண்டு கடலில் இருப்பவற்றைக் கண்டறியும் கருவி), குக்ரியின் சோனாரைவிட வெகுதூரம் உணரக்கூடியது. போதாததற்கு, தன் சோனாரின் திறனைக் கூட்டும் ஒரு சோதனைக்காகக் குக்ரி வேகத்தைக் குறைத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இதையெல்லாம் எழுதினால் தியாகத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கருவியோடு கடலுக்குப் போனவர்கள் என்று தெரிந்தால் அவர்கள் மீது மரியாதை கூடத்தான் செய்யும். அனுப்பியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் மறக்காமல் இருக்கும்.

டையூவில் கடலைப் பார்த்தபடி நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே பெயரில் 1989இல் கடற்படையில் சேர்ந்த இன்னொரு குக்ரியும் 2021இல் ஓய்வு பெற்று, அருங்காட்சியகமாக்குவதற்காக டையூ நிர்வாகத்திடமே ஒப்படைக்கப்பட்டது. டிசம்பரில் நீங்கள் சிறப்பிதழ் போடுவதாக இருந்தால், அந்த 194 பேரின் பெயர்களையும் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். ஒரு விளம்பரம் குறைந்தால் வாசகர்கள் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்