அந்த ஒரு பட்டனை மாற்றிக்கொள்ள விடுங்கள்

ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் விளையாடும் ரோல்-பிளேயிங் கேம்களை உருவாக்கும் நிறுவனங்களில் வேலை செய்யும் அனைவருக்கும் வணக்கம்.

பட்டன்களை மாற்றி அமைக்கும் வசதி வேண்டும் என்று எத்தனையோ பேர் எத்தனையோ வருடங்களாக உங்களிடம் கேட்டுவிட்டார்கள். அதனால் முதலிலிருந்து விளக்கப்போவதில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தம்பி கோவையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். நான்கு வருடங்களுக்கு முன்னால் பிரஸ் மெஷினில் சிக்கி, வலது கட்டைவிரலில் பாதி போய்விட்டது. கையடக்க கேம் கருவியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடப்பதற்கு இடது கட்டைவிரல், மற்ற எல்லாவற்றுக்கும் வலது கட்டைவிரல். வலப்பக்கம் இருக்கும் நான்கு பட்டன்களும் அந்த ஒரு விரலை நம்பித்தான் இருக்கின்றன. அவன் கருவியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை வளைத்து அழுத்துவான். மெதுவாகத்தான் வரும்.

சுடுகிற கேம், ஓடுகிற கேம் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். முறை வைத்து விளையாடும் ரோல்-பிளேயிங் கேம்கள் மட்டும்தான் மிஞ்சின. அவற்றில் எதிரே எவ்வளவு பெரிய அரக்கன் நின்றாலும், நாம் கட்டளை கொடுக்கும்வரை அசையாமல் நிற்பான். பத்து நிமிடம் ஆனாலும் நிற்பான். விபத்துக்குப் பிறகு சாப்பிட, எழுத, சட்டைப் பொத்தான் போட என்று எல்லாவற்றிலும் பின்தங்கிப்போனவனுக்கு, அவனுக்காகக் காத்திருக்கிற ஒன்று கிடைத்தது. அதைக் கொடுத்தவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்கு இன்னமும் இருக்கிறது.

உங்களில் ஒருவர் உருவாக்கிய கேம் ஒன்றை அவன் 42 மணி நேரம் விளையாடியிருந்தான். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இது அந்த ஒரு கேம் மேல் சொல்லும் புகாராகிவிடும். கதையில் ஒரு குகை வாசலைக் கல் வந்து மூடுகிறது. வலது பட்டனைச் சில நொடிகளுக்குள் படபடவென்று அழுத்தி அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். அதுவரை ஒரு இடத்தில்கூட வேகம் கேட்காத கேம், அங்கே கேட்டது. முடியாவிட்டால் கேம் ஓவர். கடைசியாக சேவ் செய்த இடத்துக்குப் போய், தள்ளிவிட முடியாத ஏழு நிமிட உரையாடலை மறுபடி பார்த்துவிட்டுத்தான் அந்த வாசலுக்கு வர முடியும்.

இரண்டு இரவு முயன்றான். அந்த ஏழு நிமிட வசனம் பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கே மனப்பாடமாகிவிட்டது. மூன்றாம் நாள் என் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, இதைக் கொஞ்சம் அழுத்திக் கொடு" என்று கருவியை நீட்டினான். அவள் அழுத்தினாள், கல் நின்றது. அவன் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் அந்தக் கேமை அவன் திறக்கவில்லை.

செட்டிங்ஸில் தேடினேன். இசையின் ஒலி அளவு, வெளிச்சம், அதிர்வு, வசனம் ஓடும் வேகம் எல்லாம் இருந்தன. பட்டன் மாற்ற இடமில்லை. அந்தக் காட்சியைத் தாண்டிப் போக வழியும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான் கருத்து எழுதவில்லை, உதவி கேட்டிருந்தேன்.

செய்ய முடியாததைக் கேட்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். 1994-இல் ஜப்பானில் வந்த மதர் 2 என்ற ரோல்-பிளேயிங் கேமில் இடது தோள் பட்டனான 'எல்'லை அழுத்தியே ஊர்க்காரர்களிடம் பேசலாம், பொருள்களை ஆராயலாம். 2002-இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த போக்கிமான் ரூபி, சஃபையர் கேம்களின் செட்டிங்ஸில் 'எல் = ஏ' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால், 'எல்' பட்டனே வலப்பக்கம் இருக்கும் 'சரி' பட்டனான 'ஏ' ஆகிவிடும். நடப்பது, பேசுவது, தாக்குவது எல்லாம் இடது கையாலேயே முடியும். இன்றைய கருவிகளோடு பார்த்தால் அது எவ்வளவு சின்ன கருவி! அதில் இடம் இருந்த அந்த ஒரு வரிக்கு இப்போது இடமில்லையா?

எந்தப் பட்டன் 'சரி', எந்தப் பட்டன் 'வேண்டாம்' என்பதும் கல்லில் செதுக்கியது அல்ல. நான்கு பட்டன்களில், நிண்டெண்டோ கருவிகளில் 'ஏ' வலப்பக்கம், எக்ஸ்பாக்ஸ் கருவியில் அதே 'ஏ' கீழே. ப்ளேஸ்டேஷன் கருவியில் ஜப்பானியர்களுக்கு வட்டக் குறி போட்ட பட்டன்தான் 'சரி' என்று பல வருடங்கள் இருந்தது. 2020-இல் ப்ளேஸ்டேஷன் 5 வந்தபோது அவர்களுக்கும் பெருக்கல் குறி போட்ட பட்டனே 'சரி' ஆனது. நீங்கள் நினைத்தால் ஒரு நாட்டுக்கே மாற்றுகிறீர்கள். என் தம்பி ஒருவனுக்காக மாற்றிக்கொள்ள அவனை விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கருவியிலேயே அந்த வசதி இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2020 ஏப்ரலில் வந்துவிட்டது, ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியிலும் இருக்கிறது. ஆனால் கருவியில் மாற்றினால் கேமுக்கு அது தெரியாது. திரையில் 'ஏ' என்று காட்டும்போது இவன் 'எல்'லை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'எல்'லுக்குக் கேம் ஏற்கெனவே கொடுத்திருந்த வேலையும் இடம் மாறிப்போகும். கேமுக்குள்ளேயே அந்த மாற்றம் இருந்தால்தான் திரையும் விரலும் ஒன்றையே சொல்லும்.

சொல்லத் தொடங்கினால் இன்னும் இருக்கிறது. பெரிய டிவிக்காக அமைத்த எழுத்தை அப்படியே ஏழு அங்குலத் திரைக்கு அனுப்புகிறீர்கள், மருந்தின் பெயரும் விஷத்தின் பெயரும் வித்தியாசம் தெரிவதில்லை. பெட்டி திறக்கக்கூடப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்கள். சேவ் செய்யும் இடத்தை நீண்ட உரையாடலுக்கு முன்னால் வைத்துவிட்டு, சண்டையை அதற்குப் பின்னால் வைக்கிறீர்கள். நூறு மணி நேரக் கதை எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி யோசிக்க ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று கோபம் வருகிறது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்பதைக் கேமுக்குள்ளேயே மாற்றிக்கொள்ள விடுங்கள். படபடவென்று அழுத்த வேண்டிய காட்சி இருந்தால், ஒரே முறை அழுத்தினாலும் போதும் என்று ஒரு தேர்வு வையுங்கள். ஏற்கெனவே வெளிவந்த கேம்களுக்கும் அப்டேட்டில் கொடுத்தால் இன்னும் நல்லது.

உங்கள் அடுத்த கேம்களில் ஒன்றுக்காகத் தம்பி பணம் சேர்த்து வைத்திருக்கிறான். "வாங்கட்டுமா அண்ணா, அதிலும் கல் விழுமா?" என்று கேட்கிறான். பட்டன் மாற்றும் வசதி இருக்கிறதா இல்லையா என்று கேமை விற்கும் பக்கத்திலேயே தயவுசெய்து ஒரு வரி எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவனுக்குப் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு அண்ணன்