எட்வர்டு கால உடைகளும் ஊசி பிடித்த கைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாதப் பெண்கள் பகுதியில், ஏழாம் எட்வர்டு மன்னர் இங்கிலாந்தை ஆண்ட காலத்துப் (1901–1910) பெண்களின் உடைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படங்களை மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதற்கு என் நன்றி. கட்டுரையாளர் அக்காலத்தை நளினத்தின் பொற்காலம் என்கிறார். பள்ளியொன்றில் நெடுநாள் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆகையால் இத்தகைய படங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போய் நிற்பது துணியின் மடிப்பிலும் ஓரத்திலும்தான். அந்த உடைகளைத் தைத்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது, அவற்றைத் துவைத்துப் பெட்டி போட்டுப் பேணியவர்கள் யார் என்ற கேள்விகள் கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை. அவை இல்லாமல் அக்கால உடைகளைப் பற்றிய எந்த வரலாறும் நிறைவு பெறாது என்று உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் உள்ள வெள்ளைக் கோடை உடையையே எடுத்துக்கொள்வோம். மெல்லிய லான் துணியில், நெல்மணி அகலம்கூட இல்லாத டக்குகளை, அதாவது மடித்துத் தைக்கும் சிறு மடிப்புகளை, வரிசையாகப் பிடித்து, இடையிடையே லேஸ் பட்டைகளைப் பதித்துத் தைத்த உடை அது. லேஸைப் பதிப்பது எளிய வேலையன்று. துணியின் மேல் லேஸை வைத்து இரு ஓரங்களையும் தைத்த பிறகு, அடியில் உள்ள துணியை லேஸில் கத்தரி படாமல் வெட்டியெடுத்து, வெட்டிய விளிம்பைச் சுருட்டி மறுபடியும் கையால் தைக்க வேண்டும். கை சற்றுத் தவறினாலும் அதுவரை செய்த உழைப்பு வீணாகிவிடும். டக்கு பிடிப்பதற்கு அந்நாளிலேயே மெஷின் இருந்தது என்பது உண்மைதான். எனினும் கழுத்துப் பட்டிக்குள் எலும்புக் கம்பி செருகுவது, முதுகுப்புறம் நெடுக ஊக்கும் வளையமும் தைப்பது, லேஸ் முனைகளை ஒன்றோடொன்று பொருத்துவது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் கைதான் செய்தது.

அந்த உடை ஒருமுறை அணிந்ததும் சலவைக்குப் போகும். பெரும்பாலான ஆங்கில வீடுகளில் திங்கட்கிழமை சலவை நாள். அடுப்பின் மேல் பதித்த செப்புக் கொப்பரையில் வெந்நீர் காய்ச்சி, சோப்புப் போட்டுத் துவைத்து, நீலம் முக்கி, கஞ்சி போட்டு, உருளைகளுக்கிடையே விட்டுப் பிழிந்து உலர்த்துவார்கள். பிறகு அடுப்பில் மாற்றி மாற்றிக் காய வைத்த இரும்புப் பெட்டிகளால் ஒவ்வொரு டக்கையும் தனித்தனியே படிய வைக்க வேண்டும். பட்டு, கம்பளி உடைகளை இப்படி நீரில் முக்கித் துவைக்க முடியாது. கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, மற்றதைத் தூரிகையால் தட்டித் துடைத்தார்கள். அதனால்தான் கழுத்துப் பட்டி, மார்பு லேஸ் போன்றவை பிரித்துக் கழுவும்படி தனியாகத் தைக்கப்பட்டன. அக்குள் வியர்வையைத் தாங்க உள்ளே திண்டுகள் வைக்கப்பட்டன. தரையில் புரளும் பாவாடை விளிம்பில் முரட்டு நாடா ஒன்று தைக்கப்பட்டு, தேய்ந்ததும் மாற்றப்பட்டது. படத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத அந்த நாடாதான் அந்த உடையை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியது.

இடுப்பைப் பற்றியும் ஒரு சொல். அக்காலப் பெண்கள் அனைவரும் கோர்செட் என்ற இறுக்கமான உள்கச்சையால் இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற தொனியில் கட்டுரை செல்கிறது. நெஞ்சை முன்னும் இடைக்குக் கீழுள்ள பகுதியைப் பின்னும் தள்ளிய, முன்புறம் நேராக அமைந்த அந்த நேர்முகக் கோர்செட்டின் பெருமைக்குரியவராகச் சொல்லப்படும் பிரான்சு நாட்டு இனேஸ் காஷ்-சராத் அம்மையார் மருத்துவம் பயின்றவர். வயிற்றின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதே அவருடைய நோக்கம். அதை இறுக்கிக் கட்டி முதுகை வளைத்தது பிற்பாடு வந்த நாகரிகம். மேலும், மார்பிலும் இடுப்பிலும் வைத்த திண்டுகள், முன்னால் தொங்கும் தளர்வான ரவிக்கை, படமெடுத்த பின் கண்ணாடித் தகட்டில் இடையைச் சுரண்டி மெலியவைத்த ஒளிப்படக்காரரின் கைவேலை ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் நாம் வியக்கும் அந்தச் சிறுத்த இடை.

இனி, கூலியைப் பற்றிச் சொல்கிறேன். லண்டனின் மேற்குப் பகுதியில் இருந்த பெரிய தையலகங்களில் ரவிக்கை தைப்பவள், ரவிக்கையின் கைப்பகுதி தைப்பவள், பாவாடை தைப்பவள் என்று ஒவ்வொருத்திக்கும் தனி வேலை இருந்தது. கோடையில் விருந்துகளும் அரசவை நிகழ்ச்சிகளும் நடக்கும் மாதங்களில் இரவு நெடுநேரம் வரை ஊசி ஓயாது. அது முடிந்ததும் பலர் வேலையின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இவர்களாவது ஒரு கூரையின் கீழ் அமர்ந்து தைத்தார்கள். வீட்டிலேயே துண்டு வேலை செய்த பெண்களின் நிலை இதைவிடக் கொடியது. பர்மிங்ஹாமில் ஊக்குகளையும் வளையங்களையும் அட்டையில் கோத்துத் தைத்தவர்கள், நாட்டிங்ஹாமில் மெஷின் லேஸின் இணைப்பு நூல்களை உருவி விளிம்பைக் கத்தரித்தவர்கள், கிழக்கு லண்டனில் ஆயத்த உடைகளை முடித்துக் கொடுத்தவர்கள் ஆகியோர் பிள்ளைகளையும் உடன் உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். தைப்பவள் நூலுக்குத் தன் காசைப் போட்டாள். தவணையில் வாங்கிய மெஷினுக்கும் அவளே கட்டினாள். இடைத்தரகருக்கும் பங்கு போயிற்று.

1906-ஆம் ஆண்டு லண்டன் குயீன்ஸ் ஹால் அரங்கில் 'டெய்லி நியூஸ்' நாளேடு நடத்திய கண்காட்சி இதை ஊரறியச் செய்தது. பெண்களையே அரங்கில் அமர்த்தி, அவர்கள் செய்யும் வேலையையும் அதற்குக் கிடைக்கும் கூலியையும் பார்வையாளர்கள் நேரில் காணும்படி வைத்தார்கள். அழகிய ரவிக்கை அணிந்து வந்த சீமாட்டிகள், அத்தகைய ரவிக்கையின் விலையில் தைத்தவளுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். மூன்றாண்டு கழித்து 1909-இல் வந்த தொழில் வாரியச் சட்டம் ஆயத்தத் தையல், மெஷின் லேஸ் முடிப்பு, அட்டைப்பெட்டி செய்தல், சங்கிலி செய்தல் என்ற நான்கு தொழில்களில் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது. உடை வரலாற்றை எழுதும்போது பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் பால் பொய்ரே கோர்செட்டைக் கைவிட்டதற்குத் தரும் இடத்தில் பாதியாவது இச்சட்டத்திற்குத் தரப்பட வேண்டும். மேற்கு லண்டன் தையலகப் பெண்கள் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கட்டுரையில் எட்வர்டு மன்னரின் துணைவியார் அலெக்சாண்டிரா அரசியார் 1902 ஆகஸ்டில் முடிசூட்டு விழாவுக்கு அணிந்த பொன்னிற உடையின் படமும் உள்ளது. பாரிஸ் தையலகத்தின் கைவண்ணம் என்று மட்டும் அதன் கீழே அச்சிட்டிருக்கிறீர்கள். உடை உருவானது பாரிஸில்தான்; ஆனால் அதன் பொன் இழை வேலைப்பாடு முழுவதும், வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி கர்சன் பொறுப்பேற்க, இந்தியாவில் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு தில்லி தர்பார் விருந்தில் மேரி கர்சன் அணிந்த புகழ்பெற்ற மயில் உடையிலும் அப்படியே: தில்லிக் கைவினைஞர்கள் ஜரிகையால் மயில் தோகைகளை நெருக்கமாக இழைத்து, ஒவ்வொரு தோகைக் கண்ணிலும் பச்சை வண்டின் இறக்கை ஓட்டைப் பதித்தார்கள், பிறகுதான் துணி பாரிஸ் போய் உடையாயிற்று. அரசியின் பெயரும் தையலகத்தின் பெயரும் எல்லா நூல்களிலும் உள்ளன. ஊசி பிடித்தவர்களின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை. என் ஊரான நாகர்கோவிலில் லண்டன் மிஷனரி சங்கத்து மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னலுக்கும் இதே கதிதான். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னிய நம் பெண்களின் பெயர்களும் அவர்கள் பின்னிய லேஸோடு சேர்ந்து எழுதப்படவில்லை.

பள்ளித் தையலைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியும் சொல்லாதது என்னைப் போன்றவர்களுக்கு வருத்தமே. தொடக்கப் பள்ளிகளில் ஏழைச் சிறுமிகள் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் நுண்ணிய தையல் போட்டுக் கண் நோக உட்கார்ந்திருந்த காலம் அது. ஓரம் அடிப்பது, ஒட்டுப் போடுவது, கிழிசலில் இழை ஓட்டுவது என்பவையே பாடங்கள். கிளாஸ்கோ கலைப் பள்ளியில் ஜெஸ்ஸி நியூபெரி 1894-இல் தொடங்கிய எம்பிராய்டரி வகுப்பும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆன் மக்பெத்தின் முயற்சியும் இந்நிலையை மாற்றத் தொடங்கின. சிறு பிள்ளைக்குப் பெரிய தையலும் வண்ண நூலும் கொடுக்க வேண்டும், வயதும் விரலும் பழகப் பழகத் தையலைச் சிறிதாக்கலாம் என்று மக்பெத்தும் மார்கரெட் சுவான்சனும் 1911-இல் எழுதினார்கள். விலை மலிந்த முரட்டுத் துணியிலும் அழகைக் கொண்டுவர முடியும் என்பது மக்பெத்தின் கொள்கை. என் வகுப்பறையில் நான் கண்டதும் அதுவே. சிவப்பு நூலைக் கையில் கொடுத்தால் சங்கிலித் தையல் பழகாத பிள்ளை இல்லை.

அதே மக்பெத் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். சிறையில் உண்ணாநோன்பு இருந்த 80 பெண்களின் கையெழுத்துகளை நூலால் பதித்து அவர் 1910-இல் வடிவமைத்த பதாகை இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. வீட்டுக்கு அடங்கிய பெண்ணின் அடையாளமாகக் கருதப்பட்ட ஊசியைக் கொண்டே அப்பெண்கள் தங்கள் பெயரை ஊரறிய எழுதினார்கள். நளினம் என்ற சொல்லை நான் இதற்குத்தான் தருவேன்.

தாங்கள் இத்தொடரை மேலும் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். இரு வேண்டுகோள்கள் வைக்கிறேன். இனி அச்சிடும் உடைகளில் இயன்றவற்றுக்கு உட்புறப் படத்தையும் தேடிப் போடுங்கள். அருங்காட்சியகங்கள் பல அத்தகைய படங்களை எடுத்து வைத்திருக்கின்றன, தைத்தவரின் கையை அங்கேதான் பார்க்க முடியும். வாரம் 18 முதல் 30 ஷில்லிங் வருமானத்தில் வாழ்ந்த லண்டன் லாம்பெத் பகுதிக் குடும்பங்களின் வரவுசெலவை மாட் பெம்பர் ரீவ்ஸ் அம்மையாரும், சோசலிச அமைப்பான ஃபேபியன் சங்கத்தின் பெண்கள் குழுவினரும் 1909 முதல் வீடு வீடாகச் சென்று பதிவு செய்தார்கள். பிள்ளைகளின் காலணிக்காகப் பென்னி பென்னியாகச் சேர்த்து, பழைய துணியை வெட்டித் தைத்து உடுத்திய அந்தத் தாய்மார்களின் இல்லறத்திற்கும் தொடரில் ஒரு பகுதியை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
நாகர்கோவில்.