திரித்துவம் படிப்பிக்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மூவொரு கடவுள் பெருவிழாவுக்கு முன் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் திரித்துவம், அதாவது ஒரே கடவுளில் தந்தை, மகன், தூய ஆவி என்று மூன்று ஆட்கள் என்ற விசுவாசத்தை, படிப்பிக்கச் சொல்லி உன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "பாதர்மார் விளங்கப்படுத்த வேண்டியதை நான் எப்படி அப்பா?" என்றும் கேட்டிருந்தாய். பிராங்க் ஷீட்டை எடுத்துப் படி. அவரும் குருவானவர் இல்லை.

ஷீட் 1897இல் சிட்னியில் பிறந்தவர். தகப்பன் மார்க்சியவாதி, தாய் ஐரிஷ் கத்தோலிக்கர். சட்டம் படித்தவர். லண்டனுக்கு வந்து கத்தோலிக்க எவிடன்ஸ் கில்ட் என்ற சங்கத்தில் சேர்ந்து ஹைட் பார்க்கில் மேடை போட்டு வழிப்போக்கர்களுக்கு விசுவாசத்தை விளக்கினார். கேட்கிறவனுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த நிமிடமே நடந்துவிடுவான். நிற்கிறவன் குறுக்குக் கேள்வி கேட்பான். அதனால் அந்தச் சங்கம் பேச்சாளர்களை ஒரு நேரத்தில் ஒரு பொருளில்தான் தயார்செய்தது. கூட்டாளிகளே எதிராளிகளாக நின்று மடக்குவார்கள். அதில் தேறினால் அந்தப் பொருளில் மட்டும் பேச அனுமதி. அங்கே சந்தித்த மெய்சி வார்ட்டை 1926இல் மணந்தார். அதே ஆண்டில் இருவருமாகத் தொடங்கிய ஷீட் அன்ட் வார்ட் பதிப்பகம் செஸ்டர்டன், ரொனால்ட் நொக்ஸ், கிறிஸ்டோபர் டோசன் போன்றவர்களின் நூல்களை வெளியிட்டது. புனித அகுஸ்தீனாரின் தன்வரலாற்றை ஷீட் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1981இல் இறந்தார்.

நீ முதலில் அவர் எழுதிய 'தியாலஜி ஃபார் பிகினர்ஸ்' படி. 'தியாலஜி அன்ட் சானிட்டி' பிறகு. ஆனால் அதன் தொடக்கத்தில் வரும் ஓர் உதாரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவரில் மேலங்கி தொங்குகிறது. கொளுவி இருப்பதை நீ கவனிக்கவில்லை. அப்படியென்றால் உடுப்புகள் தாமாகவே அந்தரத்தில் தொங்கும் ஓர் உலகத்தில் நீ வாழ்கிறாய். கடவுளை விட்டுவிட்டு உலகத்தைப் பார்க்கிறவன் பக்தி குறைந்தவன் என்பதல்ல ஷீட்டின் வாதம், உள்ளதை உள்ளபடி பார்க்கவில்லை என்பதுதான். தச்சன் முதிரையில் கதிரை செய்துவிட்டுப் போகலாம், மரத்தின் உறுதி கதிரையைத் தாங்கும். கடவுளோ ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கிறவர். அவர் கையை எடுத்தால் மிஞ்சுவதும் ஒன்றுமில்லாமைதான்.

இனி உன் பாடம். இரண்டு கேள்விச் சொற்களை மட்டும் பலகையில் எழுது: என்ன, யார். தமிழில் இது ஆங்கிலத்தைவிட வடிவாய் நிற்கும் என்பது என் எண்ணம். ஒரு கல்லைக் காட்டி "இது என்ன?" என்று கேள். பதில் வரும். "இது யார்?" என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு ஒரு பிள்ளையை எழுப்பி இரண்டையும் கேள். மனிதன், இன்ன பெயர். என்ன என்பது இயல்பு, யார் என்பது ஆள். நம் ஒவ்வொருவரிலும் ஒரு என்ன, ஒரு யார். கடவுளிலோ என்ன ஒன்றே, யார் மூன்று. ஒன்று மூன்றுக்குச் சமம் என்று திருச்சபை ஒருநாளும் சொல்லவில்லை. சின்னக் குறிப்பிடம் என்ற மறைக்கல்விப் புத்தகத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த 'மூன்று ஆட்கள்' இதுதான்.

உடனே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும்: "மூன்று மனிதருக்கும் மனித இயல்புதானே, அப்ப ஏன் மூன்று கடவுள் இல்லை?" இங்கேதான் கனபேர் வழுக்குகிறார்கள். மூன்று மனிதருக்கு மூன்று மூளை, மூன்று மனம். ஒருவனுடைய அறிவால் மற்றவன் அறிய ஏலாது. தந்தையும் மகனும் தூய ஆவியும் பங்குபோட்ட இயல்பை வைத்திருக்கவில்லை. ஒரே அறிவு, ஒரே சித்தம், அதை ஒவ்வொருவரும் முழுமையாக உடையவர்கள். உடலில்லாத கடவுளின் இயல்புக்குப் பகுதி இல்லை, பங்குபோட முடியாது.

தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணத்தைத் தயவுசெய்து எடுக்காதே. ஒரே தண்ணீர் மூன்று வேஷம் போடுகிறது என்றாகிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்ற போதகர் படிப்பித்த பிழை அதுதான். தமிழில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நீராவி என்றதும் பிள்ளை தூய ஆவியைக் கேத்திலில் தேடும். ஒரே ஆள் அப்பா, கணவன், மகன் என்பதும் இதே பிழை. மூவிலைக் கிளை காட்டினால் எதிர்ப்பக்கம் விழுவாய்: ஒவ்வொரு இலையும் கிளையில் மூன்றிலொரு பங்கு, ஆனால் மகன் கடவுளில் மூன்றிலொரு பங்கு அல்ல. நரைத்த தாடியும் புறாவும் கோவில் படத்தில் இருக்கட்டும். படம் கண்ணுக்கு உதவும், அதைக் கொண்டு சிந்திக்கத் தொடங்கினால் குழம்பும். கற்பனை அறிவின் இடத்தைப் பிடிப்பதை ஷீட் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்.

மடு மாதா கோவிலுக்குச் சைவச் சனமும் வருவது உனக்குத் தெரியும். மும்மூர்த்திகள் மாதிரியோ என்ற கேள்வி அங்கே நெடுகவும் வரும், உன் வகுப்பிலும் வரலாம். மரியாதையோடு பதில் சொல். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலைப் பிரித்துச் சொல்வது அது. நமது விசுவாசத்தில் உலகத்தைப் படைத்தது மூவரும் சேர்ந்த ஒரே செயல். வேறுபாடு தொழிலில் இல்லை, உறவில்.

அந்த உறவுக்கு யோவான் 1:1ஐ வாசிக்கக் கொடு: "தொடக்கத்தில் வாக்கு இருந்தது, அவ்வாக்கு கடவுளோடு இருந்தது, அவ்வாக்கு கடவுளாயும் இருந்தது." கடவுள் தம்மை அறிகிறார். நம்மைப் பற்றி நமக்குள்ள எண்ணம் அரைகுறை. தம்மைப் பற்றி அவருக்குள்ள எண்ணத்தில் ஒரு குறையும் இருக்க முடியாது. தந்தையிடம் உள்ளதெல்லாம் அதில் உண்டு, அறிவும் அன்பும் உட்பட. ஆகவே அது வெறும் எண்ணம் அல்ல, ஒரு யார். அவரே வாக்கு, அவரே மகன். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் நேசிக்கும் அன்பும் அப்படியே குறைவற்றது, அவரே தூய ஆவி. "அப்பா முதல், மகன் பிறகுதானே?" என்றால், மனிதத் தகப்பன் வளர்ந்து ஆளாகக் காலம் வேணும், கடவுள் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல். பத்து வயதுக்கு இந்தப் பகுதி பாரம்தான். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதே.

நேரம் மிஞ்சினால் அதே இரண்டு சொற்களை இயேசுவில் வைத்துப் பார்: யார் ஒன்று, என்ன இரண்டு. கல்வாரியில் இறந்தது யார்? இறைமகன். எந்த இயல்பில்? மனித இயல்பில். தாய் பெறுவது இயல்பை அல்ல, ஓர் ஆளை. அதனால்தான் 431இல் எபேசுவில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் மரியாவை இறைவனின் தாய் என்றது. மடு மாதாவிடம் போய்வந்த பிள்ளைகள் உன் வகுப்பில் இருந்தால், இதை அவர்களையே சொல்லவிடு.

வகுப்புக்கு முதல்நாள் இரவு மருமகனை எதிராளியாக இருத்திக் கேள்வி கேட்கச் சொல். எந்த இடத்தில் திக்குகிறாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்
அப்பா