நாள் கணக்கா, மணிக் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பரவிவரும் ‘வாரம் நான்கு நாள் பள்ளி’ பற்றிய கட்டுரை, செலவு மிச்சம் என்ற ஒற்றைக் காரணத்தோடு நின்றுவிட்டது. மாநிலச் சட்டங்களைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

அங்கே பள்ளி ஆண்டின் நீளத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுக்கிறது. மிசௌரி 2009-லேயே நான்கு நாள் வாரத்துக்கு வழிவிட்டது. இப்போது அங்கே அடிப்படை மணிக் கணக்குதான்: ஆண்டுக்கு 1,044 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி என்றால் 174 நாள் ஆகும். ஏழு மணியாக நீட்டினால் ஏறத்தாழ 149 நாளில் முடிந்துவிடும். ஏட்டில் ஒரு மணிகூடக் குறையாது. ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஏழாவது மணியில் என்ன ஏறும்? ஓக்லஹோமா மாநிலமோ 2021-22 முதல் 1,080 மணியோடு குறைந்தது 165 நாளையும் கட்டாயமாக்கியது. தேர்ச்சித் தரத்தையும் செலவுக் குறைப்பையும் காட்டும் பள்ளி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) மட்டும் நாள் கணக்கிலிருந்து விலக்கு. என் பார்வையில் இதுவே சரியான அளவுகோல்.

மிச்சம் என்கிறார்களே, அது எவ்வளவு? பள்ளிச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் ஊதியம், அது குறைவதில்லை. பஸ் டீசல், சமையலறை, மின்சாரம், பிறகு மணிக்கூலி வாங்கும் ஓட்டுநரும் சமையல்காரரும் இழக்கும் ஒரு நாள் கூலி. மிஞ்சுவது இவ்வளவுதான். ‘மாநிலங்களின் கல்வி ஆணையம்’ (Education Commission of the States) என்ற அமெரிக்க அமைப்பின் 2011 ஆய்வு, அதிகபட்சம் 5.43 சதவீதம் சேமிக்கலாம் என்று கணக்கிட்டது. ஆராய்ந்த மாவட்டங்களில் கிடைத்தது 0.4 முதல் 2.5 சதவீதம்.

உண்மையான உந்துதல் ஆசிரியர் பற்றாக்குறை. நல்ல சம்பளம் தர முடியாத சிற்றூர் மாவட்டங்கள் மூன்று நாள் விடுமுறையைக் காட்டி ஆள் சேர்க்கின்றன. பக்கத்து மாவட்டமும் அதையே செய்தால் அந்தக் கவர்ச்சி போய்விடும். பள்ளி உணவை நம்பியிருக்கும் பிள்ளைகளின் ஐந்தாம் நாள் பசி மட்டும் அப்படியே இருக்கும்.

மிசௌரியின் 2024 சட்டம், ஆண்டுக்குக் குறைந்தது 169 நாள் பள்ளி நடத்தும் மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி தருகிறது. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் நான்கு நாள் வாரத்துக்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்ற அதே சட்டத்தின் விதி, 30,000-க்கு மேல் மக்கள் உள்ள நகரங்களிலும் தனிச் சாசனம் பெற்ற கவுண்டிகளிலும் (மாநிலத்தின் உட்பிரிவுகள்) உள்ள மாவட்டங்களுக்கே பொருந்தும். இந்த முறை வேரூன்றியிருப்பதோ சிற்றூர்களில். வாக்கெடுப்பு அங்கும் வேண்டும். வாக்களிக்கும் முன், ஐந்தாம் நாள் உணவுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் என்ன ஏற்பாடு, கூடும் ஒரு மணி எந்தப் பாடத்துக்குப் போகிறது என்பதை மாவட்டம் எழுத்தில் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்