புதுச்சேரி, கடலூர் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

கடையில் கிராபிக்ஸ் கார்டை (கேமின் படத்தை வரைகிற கம்ப்யூட்டர் பாகம்) ஓட்டிக் காட்டுகிற விதத்தைப் பற்றி மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க போன மாதம் பஸ் ஏறி புதுச்சேரிக்கு வந்தோம். கடையின் பெயர் வேண்டாம், இது ஒரு கடையோடு நிற்கிற விஷயமும் இல்லை. உள்ளே கார் கேம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, மூலையில் 120 எஃப்பிஎஸ் (நொடிக்கு 120 ஃபிரேம், அதாவது 120 படம்) என்ற எண், படம் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று. தம்பி நின்ற இடத்திலேயே முடிவெடுத்துவிட்டான். பதினோரு மாதம் சேர்த்த பணம் அது.

வீட்டுக்கு வந்து அதே கேமில் அதே செட்டிங்கை வைத்தால், மின்கம்பியெல்லாம் மினுமினுக்கிறது, முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு ரோட்டில் கோடு இழுத்துக்கொண்டே வருகிறது, கம்பி வேலி பக்கத்தில் போனால் கரைந்துவிடுகிறது. கார்டில்தான் கோளாறு என்று இரண்டு நாள் டிரைவரை (கார்டை இயக்குகிற மென்பொருள்) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான், பாவம்.

கார்டில் ஒரு குறையும் இல்லை. கடையில் இருந்தது 4கே மானிட்டர், எங்கள் வீட்டில் 24 இன்ச் 1080பி, அதாவது உயரத்தில் 1080 புள்ளி; 4கே-யில் அது இரண்டு மடங்கு. அந்த செட்டிங்கில் இருந்தது அப்ஸ்கேலிங், அதாவது சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. அதை 'பெர்ஃபார்மன்ஸ்' மோடில் வைத்தால் நீளத்திலும் உயரத்திலும் பாதி அளவுக்குத்தான் கார்டு படம் வரையும், மீதியை முந்தைய ஃபிரேம்களிலிருந்து சேர்த்து நிரப்பும். 4கே-யில் அந்தப் பாதி என்பது 1080பி, அதாவது 20 லட்சம் புள்ளிக்கு மேல். எங்கள் மானிட்டரில் அதே பாதி வெறும் 540பி, 5 லட்சம் புள்ளிதான். இவ்வளவு குறைவான புள்ளியை வைத்து ஒரு கம்பியை எப்படி ஒழுங்காகக் காட்ட முடியும்?

அப்புறம் அந்த 120. ஃபிரேம் ஜெனரேஷன் ஆனில் இருந்தது. இரண்டு உண்மையான ஃபிரேமுக்கு நடுவில் ஒன்றை உருவாக்கிச் செருகுகிறது, எண் ஏறுகிறது, ஆனால் கையில் நாம் திருப்புவது உண்மையான ஃபிரேமில்தான் ஏறும். அடிப்படையில் 60 எஃப்பிஎஸ்ஸாவது வந்த பிறகு இதைப் போடுங்கள் என்று கார்டு தயாரிக்கிற ஏஎம்டியே சொல்கிறது. இப்போது தம்பி 'குவாலிட்டி' மோடில் வைத்து, ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்துவிட்டு ஆடுகிறான். 80 சொச்சம் வருகிறது, படமும் நன்றாக இருக்கிறது. அந்த 80-ஐக் கடையிலேயே காட்டியிருந்தால் வேறு விலையில் வேறு கார்டைப் பார்த்திருப்போம்.

அதனால் கேட்கிறேன், எஃப்பிஎஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுங்கள்: மானிட்டர் எத்தனை பி, எந்த அப்ஸ்கேலர் எந்த மோட், ஃபிரேம் ஜெனரேஷன் உண்டா இல்லையா. மோடின் பெயர் மட்டும் போதாது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலர் இரண்டிலும் 1080பி-க்கு 'குவாலிட்டி' என்றால் 720பி-யிலிருந்து வருகிறது, இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ்ஸில் 1.3 பதிப்பிலிருந்து அதே பெயருக்குச் சுமார் 635பி. பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் கணக்கே தப்பு. 'எஃப்எஸ்ஆர் இருக்கு' என்று மட்டும் சொல்வதும் அப்படித்தான். 2021-இல் வந்த முதல் எஃப்எஸ்ஆர் ஒரே ஒரு ஃபிரேமைப் பார்த்துப் பெரிதாக்கியது, 2025-இல் வந்த எஃப்எஸ்ஆர் 4 இயந்திரக் கற்றலில் (ஏஐ) ஓடுகிறது, இரண்டும் ஒன்றா?

இன்னொன்று. என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் வரிசைக் கார்டோடு வருகிற பையனிடம் 'டிரைவர் போட்டால் டிஎல்எஸ்எஸ் வரும்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வராது, அதற்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டு வேண்டும். அவனுக்கு எஃப்எஸ்ஆர் 2, 3 உண்டு, எக்ஸ்இஎஸ்எஸ்ஸும் நிறைய கேமில் ஓடும், 1080பி-யில் கொஞ்சம் மினுமினுத்தாலும் இன்னும் ஒரு வருஷம் தள்ளலாம் என்று சொல்லுங்கள். அதேபோல ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டு வைத்திருப்பவரிடம், 2025-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய அப்ஸ்கேலிங் மாடல் அந்தக் கார்டிலும் ஓடும் என்று சொல்லுங்கள். என் கண்ணுக்கு 1080பி-யில் இப்போதைக்கு அதுதான் சுத்தமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு விற்பனை போகலாம், சரி, ஆனால் அடுத்த முறை அவர் தவளக்குப்பம் தாண்டி உங்கள் கடையைத் தேடித்தான் வருவார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கார்டு வாங்க வருகிறோம். ஒரு 24 இன்ச் 1080பி மானிட்டரில் ஓட்டி வையுங்கள், கன்ட்ரோலரை ஐந்து நிமிஷம் அவன் கையில் கொடுங்கள்.